தொட்டியும் தோட்டியும்

செப்டிக் டேங்க் என்று இன்று நாம் சொல்லும் பொருளுக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. பிரான்சின் வெசூல் என்ற சிறு நகரத்தில் மூரா என்பவர் 1860 வாக்கில் காற்றுப் புகாத மலக்குழி ஒன்றைக் கட்டினார். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்கும். நீரே அதற்கு மூடி. 1881இல் முவாஞோ என்ற பாதிரியார் ஓர் அறிவியல் பத்திரிகையில் எழுதி இதைப் பிரபலமாக்கினார். அங்கே இதன் பெயர் 'தானியங்கித் தோட்டி'. மலம் தானாகக் கரைந்து ஓடிவிடும், அள்ள ஆளே வேண்டாம் என்பது வாக்குறுதி. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் காமரூன் இதே வழியில் ஒன்றைக் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். தோட்டி பெயரிலிருந்து மறைந்தார்.

தமிழில் இரண்டுக்கும் இடையே ஒரு குறில் நெடில் வித்தியாசம்தான். ஆனால் தொட்டி ஒருபோதும் தானாக இயங்கியதில்லை. கரையாத வண்டல் அடியில் தங்கும். நாள்பட்டால் இறுகும், லாரியின் குழாய் அதை உறிஞ்சாது. அப்போதுதான் "ஆள் எறக்கணும்" என்ற பேச்சு வருகிறது. எந்த ஆள் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. சாதி ஏற்கனவே பதில் சொல்லிவிட்டது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் அவர் தினமும் கொல்லைப்புறச் சந்தில் வந்தார், கண்ணில் பட்டார். இப்போது சில வருஷத்துக்கு ஒருமுறை போன் போட்டால் வருகிறார். பேரூராட்சிப் பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதில்லை, அடியில் சேர்ந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அவரைக் கொல்லும்வரை.

சட்டத்தின் மொழியையும் இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் மலத்தைக் கையால் சுமப்பவரைப் பற்றிப் பேசியது. தொட்டிக்குள் இறங்குபவர் அதன் வரையறைக்குள் வரவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் கண்டுகொண்டது. ஆனால் கையுறையும் கவசமும் கொடுத்துவிட்டால் அந்த வேலை 'ஆபத்தான துப்புரவு' ஆகாது என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் தொகையை 30 லட்சமாக்கியது. சாவுக்குத் தொகை கூடியிருக்கிறது.

தமிழ்நாட்டின் சிற்றூர் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை இல்லை, தொட்டிகள்தான். 2017இல் மதுராந்தகத்துக்குப் பக்கத்திலுள்ள கருங்குழியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி கொண்டுவரும் கசடு அங்கே படுகைகளில் காய்கிறது. ஏரியிலும் ஓடையிலும் கொட்டிக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் சுத்திகரிப்பின் கதை நிலைய வாசலில் தொடங்குவதாக அறிக்கைகள் எழுதுகின்றன. அது வீட்டுத் தொட்டியின் மூடியில் தொடங்குகிறது.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்சியெடுத்தால் வண்டல் இறுகாது, ஆள் எறங்க வேண்டிய அவசியமே வராது. எந்த வீட்டில் தொட்டி எவ்வளவு பெரிசு, கடைசியாக எப்போது எடுத்தது என்று வார்டு வாரியாக ஒரு பதிவேடு போதும். வீட்டுவரிக்கு அப்படிப் பதிவேடு வைத்திருக்கிற பேரூராட்சியால் இது முடியாதா? அடுத்த மன்றக் கூட்டத்தில் நம் ஊரில் இதை யார் கேட்கப்போகிறோம்?