சந்திரன் பஞ்சாங்கம் படிப்பதில்லை

சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடி மாதமே வந்துவிடுகிறது. பதினெட்டாம் பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். இன்னும் பிறக்காத வருஷத்தின் அத்தனை நாட்களும் ராகு காலம், எமகண்டம், ராசிக்கு ஒரு சொல் என்று அச்சாகிவிடுகின்றன. லாபம், பகை, அலைச்சல், வெற்றி. தாளைக் கிழிப்பது நம் கை. தாளில் இருப்பது நமக்கு முன்பே தீர்மானமானது.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு அச்சு. தீப்பெட்டியின் ரசாயனம் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் இட்டுச் சென்றது. லேபிள் அச்சு காலண்டருக்கு. வெடிப்பதும் வருவதுரைப்பதும் ஒரே வீட்டுப் பங்காளிகள்.

இந்தக் காலண்டரை வைத்துக்கொண்டு ஒரு மேற்கத்தியப் புதிரை யோசித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பௌதிகர் வில்லியம் நியூகோம் 1960இல் உண்டாக்கியது. தத்துவவாதி ராபர்ட் நோஸிக் 1969இல் இதைக் கட்டுரையாக்கினார். 1973இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் எழுதியதும் வாசகர் கடிதங்கள் குவிந்தன. உன் முன் இரண்டு பெட்டிகள். திறந்த பெட்டியில் ஆயிரம். மூடிய பெட்டியில் பத்து லட்சம், அல்லது ஒன்றுமில்லை. மூடியதை மட்டும் எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம். ஆனால் இதுவரை தவறியே இராத முன்னறிவோன் ஒருவன் நீ எதை எடுப்பாய் என்று நேற்றே கணித்துவிட்டான். மூடியதை மட்டும் எடுப்பாய் என்று கணித்திருந்தால் அதில் பத்து லட்சம் வைத்திருப்பான். இரண்டுக்கும் கை நீட்டுவாய் என்று கணித்திருந்தால் காலியாக விட்டிருப்பான். இப்போது அவன் போய்விட்டான்.

ஒரு கட்சி சொல்கிறது: அவன் தவறியதே இல்லை, ஆகவே ஒன்றை மட்டும் எடு, லட்சாதிபதியாகு. மறுகட்சி: பெட்டியில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை, உன் கை இனி அதை மாற்றாது, இரண்டையும் எடுத்தால் எப்படியும் ஆயிரம் கூடுதல். நான் இரண்டாவது கட்சி. முன்னறிவோனை மெய்யென்று கொண்டால் எனக்கு ஆயிரம்தான் கிடைக்கும், எதிர்க்கட்சிக்காரர் பத்து லட்சத்தோடு போவார் என்பதும் தெரியும். தர்க்கம் செல்வம் தரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

முன்னறிவோர் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஊழையும் நியதியையும் ஆசீவகரோடு சேர்த்து வாதித்து முடித்த பாஷை இது. வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஓலைகளில் நியூகோமின் பெட்டியே இருக்கிறது: நீ வருவாய் என்பதும் முன்பே எழுதப்பட்டது என்கிறார்கள். வராதவனுக்கு ஓலை இல்லை. பிறகு எப்படித் தவறும்?

மெய்யான கணிப்பாளர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பிரெஞ்சு வானியலாளர் ல ஜான்டில், 1761இல் சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடப்பதைக் காணப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நாள் வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். கப்பல் ஆடும்போது எதை அளப்பது? அடுத்த கடப்பு 1769 ஜூனில். கீழ்த்திசைக் கடல்களிலேயே தங்கிவிட்டார், மணிலாவுக்குப் போனார், அங்கிருந்து 1768இல் புதுச்சேரி வந்து கூடம் அமைத்துக் காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடியது. அவர் விட்டுவந்த மணிலாவில் வானம் நிர்மலமாக இருந்தது. 1771இல் பிரான்ஸுக்குத் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில் அவர் ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கக் கற்றார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்திச் செய்யும் கணக்கு. அட்டவணைகள் மனப்பாடமான வாக்கியங்களில். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி சந்திர கிரகணம் நீடித்த நேரத்துக்குத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடுதலாகவும் சொன்னதாக அவரே பதிவு செய்தார். எப்போதும் இவ்வளவு துல்லியம் என்று பெருமைப்பட வேண்டாம். ஜான் வாரன், சென்னை வானாய்வுக் கூடத்தில் பொறுப்பு வகித்தவர், தம் 'கால சங்கலித'த்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் 1825ஆம் வருஷத்துக் கிரகணத்தைச் சோழி வைத்துக் கணித்ததை விவரிக்கிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. அந்த மனிதருக்குச் சித்தாந்தம் ஒரு சொல்லும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே மூலதனம் என்கிறார் வாரன். ஆட்டோ நியூகபாவர் 1952இல் இதை ஆராய்ந்து, பாபிலோனிய முறைகளின் தடம் தமிழ்நாட்டுத் தரையில் பிழைத்திருப்பதைக் காட்டினார். அந்த 52 நிமிஷத்தை நான் மதிக்கிறேன். தவறியதை அளக்க முடிகிற இடத்தில்தான் கணிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. 'அலைச்சல்' என்ற சொல் எத்தனை நிமிஷம் தவறியது என்று யார் சொல்வது?

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரிது. சோழிகள் தன்னைப் பற்றி என்ன சொல்கின்றன என்று சந்திரனுக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை இதைத்தான் சொல்கிறது. வஞ்சி அரசவையில் தந்தையின் அருகே இருந்த இளையவனைப் பார்த்து நிமித்திகன், அரசு வீற்றிருக்கும் இலக்கணம் உனக்கு உண்டு என்றான். மூத்தவன் செங்குட்டுவன் வருந்த, இளையவன் குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டான். செங்குட்டுவனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் இப்படி ஒரு தம்பி இல்லை. இது வரலாறா என்பது தனி வழக்கு. கதையின் தர்க்கம் எனக்குப் போதும். கணிப்பைக் கேட்ட ஒருவன் அதைப் பொய்யாக்கிவிட்டான். சொல்லாமல் போயிருந்தால் நிமித்திகன் வென்றிருக்கக்கூடும். நியூகோமின் முன்னறிவோன் பெட்டியை மூடிவைத்து வாயையும் மூடிக்கொள்வது இதனால்தான். காப்பியமோ நிமித்திகனைக் கைவிட மனமில்லாமல், முடிவில்லாத இன்பத்துக்கு அவன் வேந்தனானான் என்று வேறொரு அரசைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்கிறது. கவிதையாக இது எனக்குச் சம்மதம். கணக்காக இல்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "எழுதினது எழுதினதுதான் தம்பி. பட்டறைக்குப் போனாலும் போகாட்டாலும்." இரண்டு பெட்டிக் கட்சியின் குரல் போலக் கேட்கிறது. இல்லை. அந்தக் கட்சி சொல்வது, நேற்று நடந்துவிட்டதைக் கை மாற்றாது, ஆகவே கைக்கு எட்டியதைச் செய் என்பது. பெரியவர் சொல்வது, நாளை நடக்கப்போவதையும் கை மாற்றாது என்பது. மருந்துக் கலவை அறையில் மூடிய பெட்டி எதுவும் இல்லை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வே போதும். அதனால்தான் 1992இல் அந்தக் கலவை தடைசெய்யப்பட்டது. இதை யாரும் சோழி வைத்துப் பார்க்கவில்லை.

விதி என்று ஊழையும் சொல்கிறோம், சட்டப் புத்தகத்து வரியையும் சொல்கிறோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் வேலையாட்கள் அல்லர், புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும். விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. அதாவது கணிப்பு இருந்தது, எழுத்தில் இருந்தது, சொல்லவும்பட்டது. பெரியவர் அதைக் குறிப்பிடவில்லை. அன்று புதன்கிழமை, நண்பகலை ஒட்டி நடந்தது, ராகு காலம், காலண்டரிலேயே போட்டிருந்தது என்றார். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. முந்தைய புதனன்றும் அதே நேரம்தான் போட்டிருந்தது.