மிளகும் மிளகாயும்: ஒரு சுவையின் வரலாறு

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்தது அலவத்துகொட. அப்பகுதி வீட்டுத் தோட்டங்களிலே மரங்களைப் பற்றிப் படர்வது மிளகுக்கொடி. அதனருகே காய்த்து நிற்பது மிளகாய்ச்செடி. ஒரே மண்ணில் வளரினும் இவை வந்த வழி வேறு.

மிளகு தென்னாசியாவுக்கு உரியது. சங்கச் செய்யுட்களில் அது 'கறி' எனப்படும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது பிற நாடுகளுக்குப் பரவிற்று. போர்த்துக்கேயரின் வணிகம் அதனை நம் பக்கம் கொணர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு வரை இலங்கையின் எந்த அடுக்களையிலும் மிளகாய் இருந்ததில்லை.

புதிதாக வந்த காய்க்குத் தமிழர் மிளகின் பெயரையே அடியாகக் கொண்டு 'மிளகாய்' எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் முன்னர் மிளகைக் குறித்த 'மிரிஸ்' என்னுஞ் சொல் மிளகாய்க்கு உரியதாயிற்று. மிளகு 'கம்மிரிஸ்' ஆயிற்று. தாவரவியலாரோ இவற்றை வெவ்வேறு குடும்பங்களில் வைப்பர். மிளகாய் கத்தரியின் உறவு. அவ்வாறாயின் பெயரிட்டோர் பிழைபட்டனரா?

இவ்வினாவுக்கு விடை 1997இல் கிடைத்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் கப்சேயிசின் தாக்கும் வாங்கியைக் கண்டறிந்தனர். நரம்புக் கலத்தின் மென்சவ்வில் அமைந்த அப்புரதம் ஒரு வாயில் போன்றது. கப்சேயிசின் பற்றியதும் அது திறக்கும், கல்சியம் முதலிய அயன்கள் உட்புகும், நரம்பு தூண்டப்படும். ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அதே வாயில் திறக்கும். உறைப்பு 'எரிவு' என உணரப்படுவது இதனாலேயே. மிளகின் பைப்பரினும் இவ்வாங்கியையே தூண்டுகின்றது. 2021இல் ஜூலியஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, செடியின் குலத்தை அறியாத மக்கள் நாவின் சான்றைக் கொண்டு இட்ட பெயர் பொருத்தமுடையதே.

ஆயினும் உறைப்பை விஞ்ஞானம் சுவையெனக் கொள்வதில்லை. இனிப்பு, கசப்பு முதலியவற்றுக்குச் சுவையரும்புகளில் தனி வாங்கிகள் உள. உறைப்போ வெப்பமும் நோவும் உணர்த்தும் நரம்பின் வழிச் செல்வது. இது கொண்டு அறுசுவை மரபு பொய்த்தது என்பதும், முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்பதும் ஒருங்கே பொருந்தா. மரபு வகுத்தது உண்போரின் நுகர்ச்சியை. விஞ்ஞானம் வகுப்பது வாங்கிகளின் தொழிலை. ஏடுகள் குறியாது விட்ட மாற்றங்களைச் சொற்கள் காத்து வைத்திருத்தல் கூடும். அச்சொற்களை ஆராய்தலும் வரலாற்று மாணவரின் கடனேயாம்.