மார்பகப் புற்றுநோயும் படிவத்தில் இடம்பெறாத தோழியும்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் நோய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நுரையீரலே. பாறை துளைத்தபோது எழுந்த தூசு எத்தனை பேரின் மூச்சை அடைத்தது என்பது 1940களிலேயே கணக்கெடுக்கப்பட்டது. 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். நிலத்தடியில் இறங்கியோர் ஆண்கள் என்பதால் அக்கணக்கில் பெண்கள் இல்லை. எந்த நோய் யாரிடம் எண்ணப்படுகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உடைய பெண்களின் மார்பகப் புற்றுநோய் பற்றிய அறிவு அவ்வரலாற்றின் ஒரு விந்தையான கிளை.

அதன் தொடக்கமும் சுரங்கத்தை ஒட்டியே அமைந்துள்ளது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700இல் வெளியிட்டு, 1713இல் விரித்தெழுதிய தொழில்நோய் நூலின் முதல் இயல் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. அதே நூலில் செவிலித்தாயரைப் பேசும் இடத்தில், கன்னியாஸ்திரி மடங்களில் மார்பகப் புற்று மிகுதியாகக் காணப்படுவதை அவர் குறிப்பிடுகிறார். துறவே காரணம் என்பது அவர் முடிபு. மகப்பேறும் பாலூட்டலும் இல்லாத உடல் என்னும் உண்மைக் காரணத்தை அவர் தொட்டார். அதற்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டிவிட்டார். 1926இல் பிரித்தானிய மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன் நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, குழந்தைப்பேறும் பாலூட்டலும் நோய்வாய்ப்பைக் குறைப்பதை எண்களில் காட்டினார். அதன் பிறகு மணமானவள், மணமாகாதவள் என்னும் பிரிவு மருத்துவ ஆய்வில் நிலைபெற்றது. மணமாகாதவள் யாருடன் வாழ்கிறாள் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அக்கேள்வி கேட்கப்பட்டபோது விடை அளவுமீறி ஒலித்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சூசன் ஹெய்ன்ஸ் 1992இல் ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார். 1980களில் எடுக்கப்பட்ட தன்பாலீர்ப்புப் பெண்களின் நலவாழ்வுக் கணக்கெடுப்பிலிருந்து மகப்பேறின்மை, மது, உடற்பருமன், மருத்துவரை நாடாமை ஆகியவற்றைக் கூட்டி, மூவரில் ஒருவருக்கு இந்நோய் வரக்கூடும் என்றார். செய்தித்தாள்கள் ‘கூடும்’ என்பதை விட்டுவிட்டு ‘மூவரில் ஒருவர்’ என்பதை மட்டும் பற்றிக்கொண்டன. அப்பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து நோயுற்றோரை எண்ணிய ஆய்வு எதுவும் அன்று இல்லை. தமிழில் வினைமுற்றின் ஈறு ஒன்று விழுந்தால் பொருள் எவ்வளவு புரளுமோ, அவ்வளவு இங்கும் புரண்டது. ஆயினும் அந்தப் பிழைபட்ட எண்ணால் ஒரு நன்மை விளைந்தது: அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வின் இரண்டாம் தொடர் 1995இல் பாலீர்ப்பு பற்றிய வினாவைத் தன் படிவத்தில் சேர்த்தது. 2004இல் வெளியான அதன் முடிவுகள், நோய்க்கு இட்டுச்செல்லும் காரணிகள் இப்பெண்களிடம் மிகுந்திருப்பதை உறுதிசெய்தன. விருப்பம் உயிரணுவைக் கெடுப்பதில்லை. மகப்பேறு இன்மை, அவமதிப்பின் அழுத்தத்தில் கூடும் மதுவும் புகையும், மருத்துவமனை வாயிலில் எழும் தயக்கம் ஆகியவையே அப்பெண்களின் நோய்வாய்ப்பைக் கூட்டுகின்றன. கடைசி இரண்டும் சமூகம் தருபவை.

நோயை எதிர்கொண்ட விதத்திற்கு ஆட்ரி லார்டின் எழுத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1978இல் அக்கறுப்பினக் கவிஞரின் ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. மருத்துவமனைக்கு வந்த ஆறுதல்குழுப் பெண் ஒருவர் பஞ்சு மார்பகமொன்றைக் கொடுத்து, ஆண்களின் பார்வையில் இனி எப்படித் தோன்றுவது என்பதை விளக்கினார். லார்டின் வாழ்வில் அக்கேள்விக்கே இடமில்லை. பத்து நாள் கழித்து அறுவை மருத்துவரின் அறைக்கு அதை அணியாமல் சென்றபோது, மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று செவிலி கடிந்துகொண்டார். அவரைத் தாங்கியவர்கள் அவருடைய துணைவியும் தோழியரும். 1980இல் வந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்பேடுகள் அந்தத் தோழமையை மருந்துக்கு இணையாக வைத்துப் பேசுகின்றன. 1992இல் அவர் மறைந்தார். அதற்கு ஈராண்டு முன்னர், மார்பகப் புற்றால் இறந்த மேரி-ஹெலன் மாட்னர் என்னும் வழக்கறிஞரின் துணைவி வாஷிங்டனில் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். சமைத்துக் கொடுப்பதும் சிகிச்சைக்கு வண்டியில் அழைத்துச் செல்வதுமே அதன் பணி.

இங்கே நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேடு 1982இல் பெங்களூரு, சென்னை, பம்பாய் நகரங்களில் செயல்படத் தொடங்கியது. அதன் படிவம் திருமண நிலையைக் கேட்கிறது, தாய்மொழியையும் கேட்கிறது. மொழியியலாளருக்கு அது பெருங்கொடை. துணைவியை எழுத அதில் கட்டமில்லை. 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களிடம் மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. அவருள் ‘மணமாகாதவர்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் யார் யார் அடங்கியிருக்கிறார்கள் என்பதை அப்பதிவேடு சொல்லாது.

ஆகவே இங்கே சான்றுகளை மருத்துவ ஏடுகளை விட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் தேட வேண்டியுள்ளது. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. மணமாகாத 44 வயதுப் பெண்ணொருவர் மயக்கத்தில் இருக்கையில், அவர் தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையை அகற்றியிருந்தனர். உரிய வயதும் தெளிந்த அறிவும் உடைய நோயாளியின் ஒப்புதலே செல்லும், தாயின் ஒப்புதல் அதற்கு ஈடாகாது என்றது தீர்ப்பு. எனினும் ‘வீட்டார் கையெழுத்து’ என்னும் வழக்கம் மருத்துவமனைகளில் மறையவில்லை. அந்த வீட்டார் யார்? தங்கவயலுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய பழைய வடஆர்க்காட்டுச் சீமையிலிருந்தே அதற்கொரு விடை வந்தது. பிறந்த வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட பெண்ணை மீட்க அவர் தோழி வேலூர்க் காவல்துறையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று அவரை விடுவித்தது. திருமணம் இன்றியும் குடும்பம் அமையும், ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது நீதிமன்றம். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் பெறலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இறந்தபின் உடலைப் பெறுபவளுக்கு, உயிரோடிருக்கையில் அறுவை அறையின் வாசலில் நிற்கும் உரிமை இன்னும் மருத்துவமனையின் மனநிலையைப் பொறுத்ததாகவே உள்ளது.

ஒன்றை மட்டும் நடைமுறைக்காகச் சொல்லலாம். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்ய அரசின் தொற்றாநோய்த் திட்டம் வகை செய்கிறது. அதற்கு வயதே அளவுகோல்; மணமானவரா, குழந்தை உண்டா என்னும் கேள்விகளுக்கு அங்கு வேலையில்லை.