கான் விழாவும் தேர்வுரிமையும்

வெனிஸ் நகரத்தை அடுத்த லீடோ தீவில் 1932-இல் தொடங்கிய திரைப்பட விழாவே இவ்வகை விழாக்களுக்கெல்லாம் மூத்தது. முதல் ஆண்டில் நடுவர் குழு என்று ஒன்று இல்லாமல், பார்த்தவர்களின் வாக்கே தீர்ப்பாக இருந்த அவ்விழாவில், இரண்டே ஆண்டுகளுக்குள் தலைமைப் பரிசுக்கு முசோலினி கோப்பை என்று நாமகரணம் செய்யப்பட்டது. சர்வாதிகாரியின் பெயர் பொறித்த பரிசு அவன் சித்தத்துக்கு விரோதமாக எவர் கைக்கும் போகாது என்பது 1938-இல் ஐயமறத் தெரிந்தது. நாஜி ஜெர்மனியின் 'ஒலிம்பியா'வுக்கும், முசோலினியின் மகன் மேற்பார்வையில் உருவான இத்தாலியப் படம் ஒன்றுக்கும் கோப்பை பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது.

மனம் வெதும்பித் தாயகம் திரும்பிய பிரெஞ்சுப் பிரதிநிதி பிலிப் எர்லாஞ்சே, அரசியல் நிர்ப்பந்தம் தீண்டாத விழா ஒன்றைத் தம் நாட்டில் காண விரும்பினார். கல்வி மந்திரி ழான் ஸே அதற்கு ஆதரவளித்தார். மத்தியதரைக் கடலோரத்துக் கான் நகரில் 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி விழா என்று நிச்சயித்திருக்க, அதே தினத்தில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. ழான் ஸே சிறைப்பட்டு, 1944-இல், ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரான்சின் விஷி அரசின் துணைப்படையினரால் கொல்லப்பட்டார். தாம் வித்திட்ட விழாவை அவர் பார்க்கவேயில்லை.

1946-இல் விழா ஒருவாறு கூடியபோது, ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படச்சுருள்கள் வரிசை மாறி ஓடின என்பது போன்ற தடுமாற்றங்களை யுத்தத்தின் களைப்பாகக் கருதி மன்னித்துவிடலாம். ஆனால் அன்று ஏற்பட்ட விதி ஒன்று நெடுநாள் சங்கடம் விளைவித்தது: படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை அந்தந்த நாட்டுக்கே உரியதாயிற்று. எந்தத் தேசத்தின் மனமும் நோகலாகாது என்ற தாட்சண்யத்தால் தலைமைப் பரிசு பதினொரு படங்களுக்குச் சமமாக வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, சேதன் ஆனந்த் இயக்கி ரவிசங்கர் இசையமைத்த 'நீச்சா நகர்'. மேட்டிலிருக்கும் செல்வன் தன் ஆதாயத்துக்காகச் சாக்கடையை ஏழைகள் குடியிருக்கும் பள்ளத்துக்குத் திருப்பிவிட, அந்த நீரால் நோய் பரவ, மக்கள் திரண்டெழும் கதை அது. சுதந்திரம் பெறாத தேசத்தின் படம் வல்லரசுகளின் படங்களோடு சமாசனம் பெற்றது நமக்குப் பெருமைதான். எனினும், அதைப் பெற்றுத் தந்தது கலைத் தீர்ப்பு மட்டுமன்று என்பதே என் அபிப்பிராயம்.

அந்தத் தாட்சண்யத்தின் மறுபக்கம் 1956-இல் வெளிப்பட்டது. நாஜி வதைமுகாம்களைக் காட்டிய அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' மேற்கு ஜெர்மானியத் தூதரகத்தின் ஆட்சேபத்தால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைச் சிறந்த மானுட ஆவணம் என்று போற்றிய அதே ஆண்டில், மானுடத்தின் மிகக் கொடிய ஆவணத்துக்குப் போட்டியில் இடமில்லாமற் போயிற்று! மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்கா வருந்தும் என்று அதே ரெனேயின் ஹிரோஷிமாப் படமும் போட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

1968 மே மாதம், பாரிஸ் மாணவர் கிளர்ச்சிக்கு ஆதரவாக விழாவை நிறுத்த வேண்டுமென்று பிரெஞ்சு இயக்குநர்களான கோதாரும் த்ரூஃபோவும் வாதாடினர். ஸ்பெயின் நாட்டு இயக்குநர் கார்லோஸ் சவுரா, தம்முடைய படமே திரையிடப்படவிருந்த சமயத்தில், அது ஓடாதிருக்கும்பொருட்டு மேடைத் திரைச்சீலையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு தொங்கினார். படத்தின் நாயகி ஜெரால்டின் சாப்ளினும் உடன் நின்றார். அவ்வாண்டு பரிசுகளே இல்லை. மறுவருஷம் இயக்குநர்களே தமக்கென்று தனிப் பகுதி ஒன்றை ஆரம்பித்தார்கள். 1972-இல் தேர்வுரிமை அரசுகளின் கையினின்று நீங்கி விழாவின் பொறுப்பாயிற்று. பரிசைவிட இந்த உரிமையே பெரிதென்று நான் கருதுகிறேன்.

2015-இல் கானின் தலைமைப் பரிசான தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்', ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் படம். அதன் வசனமோ பெரும்பாலும் தமிழ். ஈழத்து அகதி ஒருவரின் வாழ்வைச் சொல்லும் அதில், அகதியாகப் பிரான்சுக்கு வந்த எழுத்தாளர் ஷோபாசக்தியே நாயகனாக நடித்தார். பழைய விதி நீடித்திருந்தால் எந்த அரசு இதனைத் தன் படமென்று அனுப்பியிருக்கும் என்பதை வாசகர்கள் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும்.