கார் போர்டிகோ மாடி

வீட்டின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ கார் நிறுத்தும் இடத்துக்குப் போடும் கூரையையே முதல் தளத்தின் திறந்த மாடியாகவும் பயன்படுத்தும் அமைப்பு கார் போர்டிகோ மாடி. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் மனைப்பிரிவுகளிலும், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் இதைப் பார்க்கலாம். கீழே காருக்கு நிழல், மேலே சாயங்காலக் கடற்காற்று.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஒரு காருக்குக் கணக்கிடும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். கதவைத் தாராளமாகத் திறந்து இறங்க 3 மீட்டர் அகலமாவது வேண்டும்.

இந்த மாடியின் தலையெழுத்து பெரும்பாலும் சென்டரிங் அடிக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டின் தளத்தையும் போர்டிகோ தளத்தையும் ஒரே மட்டத்தில் கொட்டிவிடுவது மேஸ்திரிக்குச் சுலபம். ஆனால் வெயிலையும் மழையையும் தாங்க, திறந்த மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டுத் தட்டோடு பதிப்பார்கள். அது மூன்று நான்கு அங்குலம் ஏறிவிடும். அறைக்குள் டைல்ஸ் வேலையோ இரண்டு அங்குலத்தில் முடியும். விளைவு, மாடி மேடு, அறை பள்ளம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்க்கும் இந்தக் கரையில், கதவுக்கடியில் தண்ணீர் நுழைய வேறு காரணமே தேவையில்லை. போர்டிகோ தளத்தை ஆறு அங்குலம் இறக்கிக் கொட்டினால் தொல்லை தீர்ந்தது. இறக்காமல் விட்டால் பிறகு அந்த மட்டத்தைச் சரிசெய்ய எவராலும் முடியாது; வாசலில் கல் வைத்து உயர்த்தித் தினமும் தடுக்கி விழலாம், அவ்வளவுதான்.

அடுத்த பலவீனம் மாடித் தளமும் வீட்டுச் சுவரும் சந்திக்கும் மூலை. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சைச் சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டமும், ஒன்று அடைத்தால் மற்றொன்று ஓட இரண்டு வடிகுழாய்களும் இருப்பது நல்லது. அந்தத் தண்ணீரை 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கே விட்டுவிடலாம்.

பாரம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஆட்கள் ஏறும் மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. மாடித்தோட்டத்துக்கு அரையடி ஈர மண் பரப்பினால் அதுவே சதுர மீட்டருக்கு 270 கிலோவைத் தொடும். மண்ணுக்குப் பதில் செடித் தொட்டிகளை பீம் ஓரமாக வைப்பதே புத்திசாலித்தனம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன். அதற்கு இங்கே இடமில்லை. கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது.

பில்லர் காரை மறைக்கிறது என்று தளத்தைச் சுவரிலிருந்து நீட்டி நிறுத்துவோர் உண்டு. அப்படிப்பட்ட தளத்தில் முதன்மைக் கம்பிகள் மேற்பக்கம் இருந்தாக வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அவை கீழே அமுங்கினால், பலகை பிரித்த பின் தளம் தொங்கும், சில சமயம் விழும். பில்லர் வைத்தாலோ, வயலை மேடாக்கிய மனைகளில் அதன் அஸ்திவாரமும் வீட்டு அஸ்திவாரத்தைப் போல உறுதியான மண்வரை இறங்க வேண்டும். இல்லையேல் போர்டிகோ தனியாக அமுங்கி இணைப்பில் விரிசல் விடும்.

கடலோரத்தில் உப்புக்காற்று தனிக் கதை. ஐ.எஸ். 456 இங்கே எம் 30 தரக் காங்கிரீட்டும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. உள்ளூர் வழக்கப்படி கொட்டும் எம் 20, கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரக் காரணமாகும். மாடிக்குத் தகரக் கூரை போடுவோர், 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது என்பதை நினைவில் வைத்து போல்ட் முடுக்குவது நல்லது.

மாமல்லபுரத்தில் இன்னொரு கட்டுப்பாடு. நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வரும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரையான வீட்டுக்கு உடனடி அனுமதி தருகிறது. அந்த வரைபடத்தில் போர்டிகோவையும் காட்டிவிட வேண்டும். நாளைக்கு அதன்மேல் ஓர் அறை எடுக்கும் எண்ணம் இருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.