மூச்சு விட்டா நகரும் இலக்கு: ரேடியேஷன் சிகிச்சையின் ஒரு குட்டி வரலாறு

இன்னைக்கு ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். நுரையீரல்ல 2 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு உருண்டையான புற்றுநோய்க் கட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. மூச்சு விடவிட அது மேலயும் கீழயும் நகருது. எங்க போனாலும் கதிர் படணும்னு சுத்தி 1 சென்டிமீட்டர் ஓரம் விட்டா, விட்டம் 4 சென்டிமீட்டர் ஆகிடும். கன அளவு? எட்டு மடங்கு! கூடுதலா கதிர் வாங்குறது பெரும்பாலும் நல்ல நுரையீரல்தான். அந்த ஓரத்தை எப்படிக் குறைச்சாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1970-கள்ல சி.டி. ஸ்கேன் வந்ததும் கட்டியைத் தெளிவா பார்க்க முடிஞ்சது. ஆனா வேகமா எடுத்த சி.டி.ங்கிறது ஒரு ஃபோட்டோ மாதிரி. அந்த நொடியில கட்டி எங்க இருந்ததோ, அதை மட்டும்தான் காட்டும். சிகிச்சை நடக்கிறதோ நிமிஷக்கணக்குல.

முதல் யோசனை, அசைவைக் கட்டுப்படுத்துறது. 1990-களின் தொடக்கத்துல ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில லாக்ஸ், ப்ளோம்க்ரென் குழு, நோயாளியை ஒரு சட்டத்துல படுக்க வெச்சு, வயித்தை மெல்ல அழுத்தி மூச்சின் வீச்சைக் குறைச்சாங்க. மூச்சைப் பிடிச்சு வைக்கச் சொல்ற முறையும் வந்தது. இடது மார்பகப் புற்றுநோய்க்கு அது இன்னைக்கும் அருமையான வழி. ஆழமா மூச்சை இழுத்துப் பிடிச்சா, இதயம் கதிரோட பாதையிலிருந்து விலகிடும். ஆனா நுரையீரல் பழுதான ஒருத்தரை "இருபது நொடி மூச்சைப் பிடிங்க"ன்னா எப்படி முடியும்?

அடுத்த யோசனை, காத்திருக்கிறது. 1989-லயே ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகக் குழு, மூச்சு ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு வரும்போது மட்டும் கதிரை ஆன் பண்ற முறையை வெளியிட்டுச்சு. பிறகு ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல ஷிராட்டோ குழு, கட்டி பக்கத்துல 2 மில்லிமீட்டர் தங்க உருண்டை வெச்சு, நொடிக்கு 30 தடவை எக்ஸ்-ரேயில அதைக் கண்காணிச்சாங்க.

2003 வாக்குல 4டி சி.டி. வந்தது. எடுத்த படங்களை மூச்சின் கட்டம் வாரியா அடுக்கி, கட்டி நகர்ற பாதையையே காட்டுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தேவையான ஓரத்தை அளந்தே முடிவு பண்ணலாம்னு ஆச்சு.

கடைசியா, துரத்துறது. சைபர்நைஃப் ரோபோ, மூச்சோட சேர்ந்து கதிரையே நகர்த்துது. இங்கதான் நம்ம ஆளுங்களுக்குப் பழக்கமான தலைவலி: லேட்டன்சி! கட்டியைப் பார்த்து, கணக்குப் போட்டு, கை நகர்றதுக்குள்ள அது வேற இடத்துல இருக்கும். அதனால அடுத்த மூச்சை முன்கூட்டியே கணிக்கிற அல்காரிதம் தேவைப்பட்டுச்சு.

மூச்சை அடக்குன்னு மனுஷங்ககிட்ட சொன்ன மெஷின், மூச்சுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கக் கத்துக்க வருஷங்கள் ஆச்சு. 2006-ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் ஒரு அளவுகோலும் குடுத்துச்சு: கட்டி 5 மில்லிமீட்டருக்கு மேல அசைஞ்சா, அதைச் சமாளிக்க வழி யோசிக்கணும்.

உங்க வீட்ல யாருக்காவது நெஞ்சுலயோ வயித்துலயோ ரேடியேஷன்னா, டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "கட்டி எவ்வளவு அசையுது, அதுக்கு என்ன பண்றீங்க?" அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.