கிஸ்போர்ன் கரையில் ஒரு மூக்குரசல்

நியூஸிலாந்து போனால் கிஸ்போர்னைப் பார்க்காமல் திரும்பக்கூடாதுன்னு ரொம்ப நாள் ஆசை. 1769 அக்டோபர் 8-ல் கேப்டன் குக் கரையிறங்கிய இடம். 1906-ல் நட்ட ஸ்தூபி நிற்குது. ஆனா கடல் எங்கே? நடுவில் துறைமுகம், மலைமலையா மரத்தடி!

இதுக்கு முன்னாடி 1642-ல் டாஸ்மன் வந்திருக்கார். தெற்குத் தீவுப் பக்கம் நாலு மாலுமிகளைப் பறிகொடுத்துட்டு, கரையில் காலே வைக்காமப் போயிட்டார். மண்ணில் நின்னு நேருக்கு நேர் சந்திச்சது 127 வருஷம் கழிச்சு, இங்கேதான்.

முதல் நாளே உயிர்ச்சேதம். படகுக்குக் காவலா விட்ட பையன்களை நோக்கி மவோரிகள் நாலு பேர் வந்தாங்க. தலைக்கு மேலே ரெண்டு வெடி. அப்புறம் சுட்டதில் தே மாரோ என்பவர் செத்துட்டார். தாக்க வந்தாரா, புதுசா வந்தவங்களைச் சடங்குப்படி சவால் விட்டு வரவேற்க வந்தாரா? கேட்க யாரும் நிற்கலை.

மறுநாள்தான் எனக்குத் தீராத விஷயம். குக்கோட கப்பலில் டுபையான்னு ராயாத்தீவுக்காரர். தாஹித்தியில் ஏறினவர். சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டி வந்து அவர் தன் பாஷையில் பேச, இவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு! ஆத்து நடுவில் இருந்த பாறைக்கு ஒருத்தர் நீந்தி வந்தார். குக் துப்பாக்கியைக் கீழே வெச்சுட்டுப் போனார். மூக்கோடு மூக்கு உரசி வணக்கம்.

பாஷை தெரியாத ஊரில் பிழைக்கிற நமக்கு, பேச்சு புரிஞ்சா மீதி தானா சரியாகும்னு ஒரு நம்பிக்கை உண்டு இல்லையா? இங்கே கொஞ்ச நேரத்தில் ஒரு குறுவாளைப் பிடுங்கினதுக்காக தே ராக்காவையும் சுட்டாங்க. டுபையா பக்கத்திலேயே இருந்தார். மத்தியானம் மீன்பிடிப் படகு மேலயும் சூடு. செத்தவங்க, காயம்பட்டவங்க சேர்த்து 9 பேர்னு கணக்கு சொல்றாங்க.

வேண்டியது எதுவும் கிடைக்கலைன்னு குக் இதுக்கு 'வறுமை விரிகுடா'ன்னு பேர் வெச்சார். சுட்டதும் அவங்க, பேர் வெச்சதும் அவங்க! 2019-ல்தான் தூரங்கநுயி-அ-கிவா என்ற மவோரிப் பேரும் அதிகாரபூர்வமா சேர்ந்தது.

(அதே டிசம்பரில் வடகோடிக்கு ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்தது. கிளம்பின இடம் நம்ம புதுச்சேரி! அது தனிப்பதிவு.)

அந்தப் பாறையைப் பார்க்கணும்னுதான் வந்தேன். 1877-ல் துறைமுக வேலைக்காக வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்களாம். 2019 அக்டோபரில் பிரிட்டிஷ் தூதர் இங்கே வந்து, தே மாரோவின் வழிவந்தவங்க முன்னாடி வருத்தம் தெரிவிச்சார். மன்னிப்புன்னு சொல்லலை.